நூறோடு நின்ற பட்டியல்

காரைக்கால்
12.10.2007

அன்புள்ள பேரன் சசிதரனுக்கு அப்பாயி செல்லம்மா எழுதுவது.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் சேதி. உன் அத்தை மகள் பாரதிப்ரியா நர்சு படிப்பு முடித்துக் குவைத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். பெரிய டாக்டரே அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாராம். உன் தங்கை காவ்யா காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் தொண்ணூற்றெட்டு. மீதி ரெண்டு எங்கே போச்சு என்று கேட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எல்லாருக்கும் மேலே நீ. உலகத்தில் எண்பத்தெட்டாவது பல்கலைக்கழகம்! உலகத்தில் மொத்தம் எத்தனை இருக்கும் என்று காவ்யாவைக் கேட்டேன். பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும் என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

இப்போது மீன் ஏலத் திடலில் என் பெயரே மாறிவிட்டது. கூடையோடு நான் வருவதைப் பார்த்தால் ஏலம் கூறும் காத்தமுத்து, "எம்பத்தெட்டு வந்துட்டுது, வழி விடுங்கப்பா" என்கிறான். கேலிதான். ஆனாலும் வழி விடுகிறார்கள் அல்லவா.

உனக்குத் தெரிந்த கதைதான், எனக்குச் சொல்லி அலுக்கவில்லை. படகுகள் தங்கள் வருமானத்தில் ஒதுக்கி வைக்கும் ஊர்ப் பங்கிலிருந்து ஒரு பிள்ளையை வெளிநாடு அனுப்பிப் படிக்க வைப்பது என்று மீன்பிடித் தடைக்காலக் கூட்டத்தில் முடிவாயிற்று. இடம் கிடைத்தது இரண்டு பேருக்கு. இங்கிலாந்தில் நிர்வாகப் படிப்புக்கு நீ. கனடாவில் கடல் படிப்புக்கு நெடுமாறன் மகள் வினோதா. எவரை அனுப்புவது என்று ஆம்பளைகள் மூன்று பொழுது அடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் கருவாடு மடிக்க முகம்மது இப்ராஹிம் கடையில் நான் வாங்கிய பழைய பேப்பர்க் கட்டில் அந்தத் தாள் வந்தது. 'உலகின் முதல் நூறு பல்கலைக்கழகங்கள்.' உன்னுடையது எண்பத்தெட்டில். வினோதாவுடையதை மேலிருந்து கீழே இரண்டு தடவை விரல் வைத்துத் தேடினேன். இல்லை. கூட்டத்துக்குள் பெண்கள் போகக்கூடாதே, அதனால் தாளை உன் அப்பன் அன்பழகனிடம் கொடுத்தேன். அவன் படித்தான். பஞ்சாயத்துத் தலைவர் தர்மலிங்கம் ஒரே பேச்சில் முடித்தார்: "தாள்ல இருக்குற புள்ளைக்குக் குடுப்போம். இனிமேலும் இதான் சட்டம். நூத்துக்குள்ள இருந்தா ஊரு அனுப்பும்."

வினோதாவுக்கு வருத்தம் இருக்கும். ராசாத்தி பெற்ற பெண் அல்லவா, வெளியில் காட்ட மாட்டாள். தினமும் விடிந்ததும் கரையில் சிவப்புச் சாயம் அடித்த குச்சிகளை நட்டு எதையோ அளக்கிறாள். ஒன்றை என் கருவாட்டுக் களத்து ஓரத்திலேயே நட்டுவிட்டாள்.

"என் களத்துல என்னாடி குச்சி?"

"கடல் எவ்வளவு உள்ள வருதுன்னு பாக்குறேன் அப்பாயி."

"சுனாமியில வந்தது போதாதாடி?"

"அது வந்தது ஒரு நாளு. இது தெனம் வருது."

என்னவோ போ. நீ நல்லாச் சாப்பிடு. உன் பல்கலைக்கழகத்தின் வாசல் வளைவில் பெயர் எழுதியிருக்கும் என்று காவ்யா கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னாள். அந்தப் பெயர் முழுசாகத் தெரிகிற மாதிரி, கோட்டுப் போட்டு நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. சட்டம் போட்டு மாட்ட வேண்டும். ஆணி அடித்துவிட்டேன்.

அப்பாயி செல்லம்மா


இங்கிலாந்து
18.11.2007

அன்புள்ள அப்பாயி,

ஞாயிற்றுக்கிழமை போனில் இதைச் சொல்ல நினைத்தேன். ஆனால் நான் பேசினால் வீடே சுற்றி நிற்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்துவிடுகிறார்கள். நீங்கள் "எம்பத்தெட்டு பேசுது" என்று எல்லாருக்கும் சொல்வது இங்கே வரை கேட்டது. அதனால் எழுதுகிறேன்.

பத்து நாட்களுக்கு முன்னால் இந்த வருடத்துப் பட்டியல் வந்தது. எங்கள் பல்கலைக்கழகம் நூற்று முப்பத்தொன்று.

யாரும் கட்டடத்தை இடிக்கவில்லை அப்பாயி. ஆசிரியர்கள் ஓடிப்போகவில்லை. நான் உட்காரும் பெஞ்சு அதே பெஞ்சு. எண்ணுகிற முறையைக் கொஞ்சம் மாற்றினார்கள், அவ்வளவுதான். அந்தப் பட்டியலை எப்படித் தயாரிக்கிறார்கள் என்று நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். வேறு ஊர்களில் இருக்கும் பேராசிரியர்களிடம் எது நல்ல இடம் என்று கேட்கிறார்கள், பெரும்பங்கு மதிப்பெண் அதற்குத்தான். இந்த வாசலை மிதிக்காதவர்களும் அதில் பதில் சொல்லலாம். ஆசிரியர்கள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை எடுத்துக் காட்டுகிறார்கள் என்று எண்ணுகிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதற்கும் ஒரு பங்கு உண்டு. அதாவது நான் விமானத்திலிருந்து வந்து இறங்கியதே இவர்களுக்கு ஒரு துளி மதிப்பெண். இறங்கியவன் என்ன கற்றுக்கொண்டான் என்று கேட்கும் கட்டம் அதில் எங்கும் இல்லை.

இன்னொன்று. நீங்கள் கொண்டுவந்த தாளில் நூறாவது பெயருக்குக் கீழே ஒரு நகைக்கடை விளம்பரம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? பட்டியல் நூறோடு முடியவில்லை. இருநூறு வரை போகிறது. பேப்பர்காரனுக்கு இடம் நூறோடு முடிந்தது. வினோதாவின் பல்கலைக்கழகம் அப்போதே நூற்று அறுபத்து நாலில் இருந்தது. இந்த வருடம் நூற்று முப்பத்தொன்பது. எனக்கும் அவளுக்கும் நடுவில் எட்டே எட்டு.

நம் ஊர்ச் சட்டப்படி பார்த்தால் இன்றைக்கு என்னையும் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. போட்டோ பிறகு அனுப்புகிறேன்.

சசி


காரைக்கால்
28.12.2007

சசிதரனுக்கு,

உன் கடிதத்தைப் படித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இதை வேறு யாருக்காவது எழுதினாயா? எழுதியிருந்தால் உடனே சொல். எழுதாவிட்டால் இனி எழுதாதே.

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். இப்ராஹிம் கடைக்குப் போனவள் மேல் கட்டைப் புரட்டினேன். அதே மாதிரித் தலைப்பு, அதே மாதிரி நூறு பெயர். எண்பத்தெட்டில் வேறு எவனோ உட்கார்ந்திருந்தான். அந்தக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்னா ஆச்சி, தண்ணி வேணுமா" என்று இப்ராஹிம் கேட்டான். அந்தத் தேதித் தாள் எத்தனை இருந்ததோ அத்தனையையும் நிறுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். மழை நாளில் புதுக் கருவாடு ஏது, பானையில் கிடந்த பழைய நெத்திலியை எடுத்து அந்தத் தாள்களிலேயே மடித்து அம்பகரத்தூர்ப் பக்கம் விற்கப் போகிறவளிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன். கருவாட்டு வாடை ஏறின பேப்பரை எவன் பிரித்துப் படிக்கப் போகிறான்?

நான் செய்தது உனக்குக் கேவலமாக இருக்கும். இருக்கட்டும். நீ நூற்று முப்பத்தொன்று என்று தெரிந்தால் உன் அப்பன் எந்த முகத்தோடு கூட்டத்தில் உட்காருவான்? ஊர்ப் பங்கு என்றால் யார் காசு? புயலில் போன படகுக்காரன் பங்கும் அதில் இருக்கிறது. அந்தக் காசில் போனவன் நீ. நீ இறங்கக்கூடாது.

நான் அஞ்சாவது படித்தபோது வகுப்பில் ரெண்டாம் ரேங்கு. அந்த அட்டையில் எங்கள் அய்யா கைநாட்டு வைத்தார். அதற்கு அடுத்த வாரம் கூடையைத் தலையில் வைத்துவிட்டார்கள். ரெண்டு என்று அந்த அட்டையில் எழுதியிருந்ததை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. எண் என்றால் உனக்கு விளையாட்டாக இருக்கிறது.

முந்தாநாள் சுனாமி நாள். எல்லாரும் கடலில் பால் ஊற்றினோம். என் பக்கத்தில் வினோதா நின்றாள். மூன்று வருஷம் ஆகிறது அவள் அம்மா போய். ராசாத்தியும் நானும் சேர்ந்துதான் கூடை சுமந்தோம். நடை அலுத்தால் என் கூடையிலிருந்து நாலு மீனைத் தன் கூடைக்கு மாற்றிக்கொள்வாள், கேட்டால் "ஒங்க கழுத்துக்கு வயசாயிட்டுது" என்பாள். பால் ஊற்றும்போது அலை வந்து காலடி மண்ணை இழுத்தது, நான் தடுமாறினேன். வினோதா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசி வரை விடவில்லை. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போட்டோ கேட்டிருந்தேனே. எண் மாறினால் வாசல் வளைவுமா மாறிவிட்டது? அனுப்பு.

அப்பாயி


இங்கிலாந்து
02.03.2008

அன்புள்ள அப்பாயி,

நீங்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை, இதைக் கடைசி வரை படியுங்கள். அடுப்பில் போடுவதற்கு முன்னால்.

வினோதாவுக்கு மெயில் அனுப்பிக் கேட்டேன். கனடாவில் அவள் இடத்தை ஒரு வருடம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வருகிற செப்டம்பரில் சேர வேண்டும். அதற்கு மேல் வைக்க மாட்டார்கள். ஊர் சரி என்று சொன்னால் போகலாம். இந்தத் தடைக்காலக் கூட்டம்தான் அவளுக்குக் கடைசி.

எங்கள் ஆசிரியர் ஒருவரிடம் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "கரை அரிப்பைப் படிக்கவா? அதற்கு அங்கேதானே போக வேண்டும்" என்றார். பெயரைக் கேட்டதும் சொன்னார், யோசிக்கவில்லை. எல்லாப் படிப்பையும் ஒரே கூடையில் கொட்டி ஒரே எண் போட்டால் அவள் படிக்கப் போகும் படிப்பு அதில் தெரியாது அப்பாயி. வஞ்சிரத்தையும் நெத்திலியையும் சேர்த்துக் கொட்டி ஒரு விலை கூறினால் நீங்கள் காத்தமுத்துவைச் சும்மா விடுவீர்களா?

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் இருநூறு பேர் உட்காருகிறோம். அந்த ஆசிரியரே நான் பேசி முடித்த பிறகுதான் என் பெயரைக் கேட்டார். மாலையில் மீன் பொரித்து விற்கும் கடையில் வேலை செய்கிறேன். மீன் அறுக்கிறேன். முதலாளி என் கையைப் பார்த்து எங்கே கற்றாய் என்று கேட்டார். எங்கள் அப்பாயியிடம் என்றேன். இங்கே வந்த பிறகு யாரிடமாவது நான் பெருமையாகச் சொன்ன பதில் அது ஒன்றுதான். பரீட்சையில் ஒரு பாடம் போய்விட்டது, மறுபடி எழுத வேண்டும்.

அப்பாவிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எங்கம்மா கொண்டாந்த தாளுடா அது. அவங்க ஒரு வார்த்த சொல்லட்டும், நான் கூட்டத்துல எந்திரிச்சி சொல்றேன்" என்றார். உங்களைத் தாண்டி அவர் பேச மாட்டார். அது உங்களுக்குத் தெரியும்.

ஒரே ஒரு வாக்கியம்தான். தாள் நூறோடு நின்றது, பட்டியல் நிற்கவில்லை. அவ்வளவு சொன்னால் போதும். என் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் தாங்கிக்கொள்வேன்.

அந்த வாசல் வளைவுக்கு முன்னால் போய் நின்றேன். எனக்கு முன்னால் பத்துப் பேர் போட்டோ எடுக்க வரிசையில் நின்றார்கள். எல்லாரும் என்னைப் போல எங்கிருந்தோ வந்தவர்கள். எல்லார் வீட்டுச் சுவரிலும் ஒரே படம்தான் தொங்கும், ஆள் மட்டும் வேறு. திரும்பி வந்துவிட்டேன்.

சசி


காரைக்கால்
20.05.2008

அன்புள்ள சசிதரனுக்கு,

கூட்டம் முடிந்தது. என்ன நடந்தது என்று உன் அப்பன் போனில் சொல்லியிருக்க மாட்டான். நான் சொல்கிறேன்.

அன்றைக்குக் காலையில் அவன் கொல்லைப் பக்கம் வந்தான். நான் உப்பில் கிடந்த கானாங்கெளுத்தி மீனை அலசிக்கொண்டிருந்தேன்.

"சொல்லட்டுமா அம்மா?"

நான் தலையை நிமிர்த்தவில்லை.

"அம்மா, ஒங்களத்தான் கேக்குறேன்."

"ஒரு வருசம் போவட்டும்டா. அவன் படிச்சி முடிச்சிட்டு வரட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

"அதுக்குள்ள அந்தப் புள்ளைக்கு எடம் போயிடும்."

"போனா வேற வரும்" என்றேன். அவன் உள்ளே போனான். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

படகெல்லாம் கரையில் ஏறிக் கிடக்கிறது, ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் கூட்டத்தில். நாங்கள் பெண்கள் வலைக் கொட்டகைக்குப் பின்னால் நின்று கேட்டோம். நெடுமாறன் எழுந்தான். பாவம், அவனுக்குக் கடலில்தான் வாய். "எம்மவளுக்கு எடத்த நிறுத்தி வச்சிருக்காங்க. இந்த வருசமாவது ஊரு மனசு வைக்கணும்" என்றான்.

தர்மலிங்கம் கேட்டார்: "எத்தனையாவது எண்ணுப்பா?"

"எண்ணெல்லாம் தெரியாதுங்க. நல்ல எடமுன்னு புள்ள சொல்லுது."

"எல்லாப் புள்ளையும்தான் சொல்லும்" என்று எவனோ சொன்னான். சிரித்தார்கள். "நூத்துக்குள்ள இல்லன்னா சட்டம் சட்டந்தான். அன்பழகன் மவனுக்கு ஒண்ணு, ஒம்மவளுக்கு ஒண்ணா?" என்றார் தர்மலிங்கம். உன் அப்பன் குனிந்தவன் குனிந்தபடி மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் பெண் பேசினால் வீட்டுக்கு அபராதம் போடுவார்கள், அதனால்தான் பேசவில்லை என்று உனக்கு எழுதலாம் என்று வழியெல்லாம் யோசித்தேன். அது இல்லை. அபராதம் எனக்கு எந்தக் காலத்திலும் பெரிசில்லை.

நூறுக்குள் வேறு பிள்ளை இல்லை என்பதால் இந்த வருஷப் பங்கு அம்மன் கோவில் கோபுரத்துக்குப் போகிறது. ஏழு வண்ணம் அடிக்கப் போகிறார்களாம்.

இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நேற்று வினோதா வந்தாள். ஆந்திராவில் நெல்லூர்ப் பக்கம் இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணையில் வேலை கிடைத்திருக்கிறதாம். வழிக்கு நெத்திலிக் கருவாடு கொடுத்தேன். மடிக்க ஏதோ ஒரு பழைய பேப்பரை எடுத்தேன். அவள் அந்தத் தாளையே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"எனக்கு எல்லாம் தெரியும் அப்பாயி. ரெண்டு எண்ணும் தெரியும். கம்ப்யூட்டர்ல போட்டா வந்துரும்."

பேப்பரைக் கீழே வைத்தேன்.

"அப்ப ஏன்டி ஒங்கப்பன்கிட்ட சொல்லல? கூட்டத்துல போட்டு ஒடச்சிருக்கலாம்ல?"

"அவன் அங்க ஒண்டியா கெடக்கான். இங்க ஊரே அவனப் பேசுனா தாங்குவானா?" என்றாள். கருவாட்டைத் தானே எடுத்து மடித்துக்கொண்டே, "அப்புறம் ஒங்கள எம்பத்தெட்டுன்னு யாரு கூப்புடுவா?" என்றாள்.

கேலி இல்லை சசி. கேலியாக இருந்தால் நான் திட்டியிருப்பேன். ராசாத்தி என் கூடையிலிருந்து மீனை எடுத்துத் தன் கூடையில் போட்டுக்கொள்ளும்போது இதே முகம்தான் வைத்திருப்பாள்.

வாசல் வரை போனவள் திரும்பி, "களத்துல இருக்குற அந்தக் குச்சிய மட்டும் புடுங்கிப்புடாதீங்க" என்றாள்.

அப்பாயி


இங்கிலாந்து
19.10.2008

அப்பாயிக்கு,

உங்கள் கடிதம் வந்து பல மாதம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியே வரவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் வினோதா வாயை மூடிக்கொண்டாள் என்று எழுதியிருந்தீர்கள். என்னைக் காப்பாற்றச் சொல்லி நான் அவளைக் கேட்கவில்லை. கேட்காமலே நானும் நீங்களும் அந்த உதவியை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டோம்.

செப்டம்பரோடு அவள் இடம் போய்விட்டது. என் மெயிலுக்கு இரண்டு வரி பதில் போட்டாள். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். நலமாக இருக்கிறாளாம்.

எனக்குப் படிப்பு முடிந்தது, சுமாரான மதிப்பெண். இங்கே வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன. இருக்கிறவர்களையே வேலையை விட்டு அனுப்புகிறார்கள், புதிதாக யாரை எடுப்பார்கள்? எழுபது இடத்துக்கு மேல் விண்ணப்பித்தேன். எந்த இடத்திலும் பல்கலைக்கழகத்தின் எண்ணைக் கேட்கவில்லை. மீன் கடையில் முழு நேரம் நிற்கிறேன். பட்டமளிப்புக்குப் போகப் போவதில்லை. அந்த அங்கியை ஒரு நாள் வாடகைக்குத்தான் தருகிறார்கள்.

உங்களுக்குப் பிடித்த சேதி ஒன்று உண்டு. இந்த மாதம் புதுப் பட்டியல் வந்தது. நாங்கள் மறுபடி ஏறிவிட்டோம். தொண்ணூற்றாறு. நூறுக்குள். பேப்பரில் வரும். இந்தத் தடவை கருவாடு மடிக்க வேண்டாம், ஏலத் திடலில் ஒட்டிவைக்கலாம்.

கொஞ்ச நாளைக்குக் கடிதம் எதிர்பார்க்காதீர்கள்.

சசிதரன்


காரைக்கால்
14.12.2008

அன்புள்ள சசிக்கு,

நீ பதில் போட வேண்டாம். நான் எழுதுகிறேன், நீ படித்தால் போதும்.

புயல் அடித்தது டி.வி.யில் பார்த்திருப்பாய். காற்று ஒரு ராத்திரிதான். மழை நிற்கவே இல்லை. வீடு தப்பித்தது. கருவாட்டுக் களம் போய்விட்டது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, முழுசாக. நான் தட்டி போட்டு மீன் காயவைத்த இடத்தில் இப்போது முழங்கால் தண்ணீர் நிற்கிறது. வினோதாவின் குச்சியும் போய்விட்டது. புயலுக்கு முந்தின வாரமே தண்ணீர் அதன் அடியைத் தொட்டுவிட்டுப் போவதைப் பார்த்தேன். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

மழை விட்டதும் சர்க்காரிலிருந்து ரெண்டு பேர் அளவு நாடாவோடு வந்தார்கள். கல் கொட்டித் தடுப்புப் போட எழுதப்போகிறார்களாம். "முன்னாடி கரை எங்க இருந்துச்சு? வருசத்துக்கு எவ்வளவு போச்சு? எதாவது கணக்கு இருக்கா?" என்று கேட்டார்கள். ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் கையைக் காட்டினார்கள். ஒருவன் கோவில் தென்னை என்றான், ஒருவன் பழைய கிணறு என்றான். நெடுமாறன் பின்னால் நின்றான். "எம்மவ அளந்து வச்சிருந்தா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வந்தவர்கள் நாடாவைச் சுருட்டிக்கொண்டு பக்கத்துப் பட்டினச்சேரிக்குப் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் நிவாரணக் கூட்டம். நான் வலைக் கொட்டகைக்குப் பின்னால் நிற்கவில்லை. நேராக நடந்து போய் நடுவில் நின்றேன். "என்னா ஆத்தா, இங்க வந்துட்டீங்க?" என்று தர்மலிங்கம் கேட்டார். உன் அப்பன் எழுந்தான், உட்காரு என்று கையைக் காட்டினேன்.

"அந்தத் தாளு நூறோட நின்னுச்சு, பட்டியல் நிக்கல" என்றேன். நீ எழுதிக்கொடுத்த வாக்கியம்தான். அதன்பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. நகைக்கடை விளம்பரம், நூற்று முப்பத்தொன்று, நெத்திலி மடித்தது, அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு போனது. தொண்ணூற்றாறை நான் சொல்லவில்லை.

நெடுமாறன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான். தர்மலிங்கம் தாடியைத் தடவிக்கொண்டு, "சரி, அந்தச் சட்டத்த எடுத்துருவோம்" என்றார். அபராதம் போடுங்கள் என்றேன். வேண்டாம் என்றார்கள். போட்டிருக்கலாம்.

மறுநாள் திடலுக்குப் போனேன். காத்தமுத்து என்னைப் பார்த்தான், பார்க்காதது போல ஏலம் கூறிக்கொண்டிருந்தான். யாரும் வழி விடவில்லை. நானும் கேட்கவில்லை.

காவ்யாவை விட்டு வினோதாவுக்குப் போன் போடச் சொன்னேன். ஊர் இப்போது அனுப்பும், மறுபடி எழுதிப் போடு என்றேன்.

"அந்த எடம் போயிட்டுது அப்பாயி. ரெண்டாந்தரம் கேட்டா குடுக்க மாட்டாங்க."

"வேற எடம் பாக்குறதுதானேடி. எந்த எண்ணா இருந்தா என்னா."

"பாக்குறேன்" என்றாள். பார்க்க மாட்டாள், குரலில் தெரிந்தது. குச்சி இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு காவ்யா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

இந்தத் தடவை பிள்ளைகளின் சேதி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. பாரதிப்ரியா, காவ்யா எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள், அது போதும்.

சுவரில் அடித்த ஆணியைக் காவ்யாவிடம் சொல்லிப் பிடுங்கிவிட்டேன். நீ விமானம் ஏறின அன்றைக்கு எடுத்த படம் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. அதில் புதுக்கோட்டும் அந்த எண்ணும்தான் எனக்குத் தெரிகிறது, உன்னைக் காணோம். வாசல் வளைவு வேண்டாம், பெயர்ப் பலகை வேண்டாம், அங்கி வேண்டாம். மீன் கடையிலேயே நில்லு, கையில் கத்தி இருந்தாலும் சரி. இளைத்திருந்தால் இளைத்தபடியே இரு. யாருக்கும் காட்ட மாட்டேன். உன் முகம் மட்டும் தெரிகிற மாதிரி புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு, சசி.

அப்பாயி